அகத்தியர் மூன்று முஷ்டி உயரத்தில்

முதல் நாள்: பிப்ரவரி 20, 2025, வியாழன். பாளையங்கோட்டை

கடம்பூர் தாண்டியதும் முழிப்பு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. தூரத்தில் காற்றாலை விளக்குகள் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தன. நட்சத்திரம் பார்க்க வருகிறவனுக்கு இது அவ்வளவு நல்ல சகுனம் இல்லை.

வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் பாளையங்கோட்டையில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான். அவனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து வானியல் குழு ஒன்று நடத்துகிறார்கள். ஆபீஸ் கிடையாது, ரசீது புத்தகம் கிடையாது. சொத்து என்று பார்த்தால் எட்டு அங்குலத்தில் ஒன்று, ஆறு அங்குலத்தில் ஒன்று என இரண்டு தொலைநோக்கிகள், ஒரு புரொஜெக்டர், திரைக்கு ஒரு எட்டு முழ வேட்டி. மாசி பிறந்து வானம் தெளிந்ததும் நாலு ஊரில் நாலு ராத்திரி கூட்டம் போடுவார்கள். முதலில் பேச்சு, அப்புறம் தொலைநோக்கி. காசு வாங்குவதில்லை. "சும்மா வால. டெலஸ்கோப் தூக்க ஆள் வேணும்" என்றான். சென்னையில் என் மொட்டை மாடியிலிருந்து எண்ணி ஏழெட்டு நட்சத்திரம்தான் தெரியும். தூக்குகிறேன் என்று டிக்கெட் போட்டுவிட்டேன்.

காலையில் அத்தை வீடு. மத்தியானம் சொதி. சொதி சாப்பிட்டவன் வேறென்ன செய்வான், தூங்கினேன்.

கூட்டம் ஒரு பள்ளி மைதானத்தில். ஆறரைக்கே இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். போன வருஷம் இதே இடத்தில் நாற்பது பேர்தான் என்றான் நண்பன். காரணம் வாட்ஸ்அப். 28-ஆம் தேதி ஏழு கோள்களும் வானத்தில் வரிசை கட்டி நிற்கப்போகின்றன என்று ஒரு செய்தி எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. சிலருக்கு அது வேடிக்கை, சிலருக்குப் பயம். முன்வரிசையில் ஓர் அம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "அன்னைக்குப் பிள்ளைகள வெளிய விடலாமா?"

பேசுகிறவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரே அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். மைக் பிடிக்கமாட்டார். குரல் சன்னம். ஆனால் பின்வரிசையும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறது. புரொஜெக்டர் மக்கர் பண்ணியது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாரும் எந்திரிச்சு மேற்கப் பாருங்க. அந்தப் பெரிய வெளிச்சம் வெள்ளி. இப்ப தலைக்கு மேல. அது வியாழன். கிழக்க செக்கச் செவேர்னு ஒண்ணு, அது செவ்வாய். மூணையும் விரலால கோடு இழுங்க." இருநூறு கைகள் வானத்தில் கோடு இழுத்தன. "பகல்ல சூரியன் போற ரோடு இதுதான். கோளெல்லாம் இந்த ரோட்டுலதான் போவும். ரோட்ட விட்டு வயக்காட்டுல இறங்காது. அப்புறம் வரிசையா நிக்காம என்ன செய்யும்?"

சனியும் புதனும் சூரியன் மறைந்த கையோடு மறைந்துவிடும், யுரேனசும் நெப்டியூனும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஆக ஏழில் நாலு கணக்கில்தான் இருக்கிறது, கண்ணில் மூன்று, அந்த மூன்றையும் இப்போதே பார்த்தாயிற்று என்று முடித்தார். 28-ஆம் தேதிக்காக லீவு போட்டிருந்த ஒருவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சனியின் வளையமாவது காட்டுங்கள் என்றார் இன்னொருவர். அதற்கும் வழியில்லை. மார்ச் 23-ஆம் தேதி பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடக்கிறது. தட்டை விளிம்பு வாட்டில் பார்த்த மாதிரி, வளையம் நூலாகிக் காணாமல் போய்விடும். "இந்த வருசம் சனி வளையத்தக் கழட்டி வச்சிருக்கார்" என்றார் சார்வாள். பெயர்ச்சி பலன் கேட்க வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

பிறகு வரிசை. எட்டு அங்குலக் குழாயை வெள்ளியின் பக்கம் திருப்பியிருந்தோம். முதலில் பார்த்தவர் ஒரு போலீஸ்காரர், சீருடையிலேயே வந்திருந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "இது நிலால்லா?" என்றார். பின்னால் வந்த எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள். குற்றமில்லை. கண்ணாடியில் தெரிவது அச்சு அசல் பிறை, ஐந்தில் ஒரு பங்குதான் வெளிச்சம். நிலா அன்றைக்கு நடுராத்திரிக்கு மேல்தான் வரும் என்று சொல்லியும் நம்பாமல் ஒரு பையன் குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தான், உள்ளே படம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று. வெள்ளி சூரியனுக்கும் நமக்கும் நடுவே வந்துகொண்டிருக்கிறது. கிட்டே வர வர உருவம் பெருக்கும், பிறை மெலியும். கலிலியோ 1610-இல் இதைப் பார்த்துத்தான் வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

வரிசை நகர்வதற்குள் சார்வாள் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கதையைச் சொன்னார். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9-ஆம் தேதி வெள்ளி சூரியனைக் குறுக்காகக் கடந்தபோது, ஜனங்கள் அரண்டுவிடக் கூடாது, விஷயம் தெரிந்து பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே சிறு நூல் எழுதி நம் மொழிகள் சிலவற்றிலும் கொண்டுவந்தார். "நாங்க இப்ப செய்யுதத அவரு நூத்தம்பது வருசத்துக்கு முன்னாலயே செஞ்சுட்டாரு. 2004-லயும் 2012-லயும் நான் அந்தக் கடப்பப் பாத்துட்டேன். அடுத்தது 2117. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

ஒன்பது மணிக்கு மைதானத்தின் கோபுர விளக்கு பளீரென்று எரிந்தது. அணைக்கச் சாவி வேண்டும். சாவி வைத்திருப்பவர் கல்யாண வீட்டில். அத்தோடு கடை கட்டினோம்.

இரண்டாம் நாள்: பிப்ரவரி 21, வெள்ளி. பணகுடி பக்கம்

காலையில் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு நடை. ஆற்றங்கரையில் 1987-லிருந்து இருக்கிறது. என் வயதுக்காரர்கள் பலருக்கு இங்கே பள்ளிச் சுற்றுலா வந்த ஞாபகம் இருக்கும். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டேன், சாமான் ஏற்ற வேண்டுமே.

நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாற்கரச் சாலை. வலது பக்கம் மகேந்திரகிரி கூடவே வந்தது. அந்த மலையடிவாரத்தில்தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறது, கிரையோஜெனிக் எஞ்சின் உட்பட. அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வானியல் கூட்டத்துக்கு வந்தால் முதல் கேள்வி நட்சத்திரத்தைப் பற்றியதாக இருக்காது. "மகேந்திரகிரியில வேலைக்குச் சேர என்ன படிக்கணும்?"

போய்ச் சேர்ந்ததும் வந்தது வினை. டாடா ஏஸில் குலுங்கி வந்ததில் பெரிய தொலைநோக்கியின் அடிக்கண்ணாடி அசைந்துவிட்டது. வியாழனைப் பார்த்தால் ஒரு பக்கம் வால் முளைத்திருந்தது. இதைச் சரிசெய்கிற வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குழாயின் அடியில் மூன்று திருகுகள். ஏதாவது ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடித்து, வேண்டுமென்றே குவியத்தைக் கெடுக்கவேண்டும். நட்சத்திரம் ஊதிப்போய் உளுந்த வடை மாதிரி ஆகும், நடுவில் ஓட்டை. ஓட்டை நடு மத்தியில் இருந்தால் சரி. எங்களுக்கு ஓட்டை ஓரத்தில் கிடந்தது. பார்மசி படிக்கிற பெண் ஒருத்தி, குழுவிலேயே இளையவள், கண்ணைக் கண்வில்லையிலிருந்து எடுக்காமல் "கீழ் திருகு கால் சுத்து… இன்னும்… போதும், கொஞ்சம் திருப்பு" என்று சொல்லச் சொல்ல நண்பன் தரையில் மல்லாந்து படுத்துத் திருகினான். இருபது நிமிஷத்தில் ஓட்டை நடுவுக்கு வந்தது. அவன் சட்டை முதுகெல்லாம் செம்மண்.

இந்த மாதிரித் தொலைநோக்கிக்கு டாப்சோனியன் என்று பெயர். பீரங்கி வண்டி மாதிரி மரப்பெட்டியில் குழாயை உட்கார வைத்திருக்கும், கையால் தள்ளித் திருப்பவேண்டியதுதான். இதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன் அமெரிக்காவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். மடத்தில் இருந்தபடியே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்து அக்கம்பக்கத்தாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். 1967-இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். சாமியார் வேலையைவிட இது நல்ல வேலையாகத்தான் எனக்குப் படுகிறது.

கண்ணாடி சரியானது, வானம் கெட்டது. மேற்கேயிருந்து மேகம் வந்து மூடிக்கொண்டது. எண்பது பேர் முப்பதானார்கள், முப்பது பதினொன்றானது. சார்வாள் அசரவில்லை. மேகத்துக்குள் ஒளிந்திருந்த திருவாதிரையைப் பற்றிப் பேசினார். நம் நெல்லையப்பர் கோயில் தாமிரசபையில் மார்கழித் திருவாதிரைக்கு நடராசரைப் பார்க்கிறோம் அல்லவா, அந்த ஆதிரை ஒரு கிழட்டு நட்சத்திரம், ஐந்நூறு ஒளியாண்டுக்கு மேல் தூரத்தில் இருக்கிறது, 2019 கடைசியில் மங்க ஆரம்பித்து 2020 பிப்ரவரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வெடிக்கப்போகிறது என்று உலகமே பரபரத்தது. கடைசியில் பார்த்தால் அது தானே கக்கிய தூசி தன் முகத்தை மறைத்திருக்கிறது. "பழைய அடுப்பு பொகையிற மாதிரி. வெடிக்கும், என்னைக்காவது வெடிக்கும். நாளைக்கா, லட்சம் வருசம் கழிச்சான்னு கேக்காதிய."

ஒன்பதே முக்காலுக்கு மேகம் ஒரு ஜன்னல் திறந்தது. ஓரியன் என்ற வேட்டைக்காரன் கூட்டம் முழுசாக வெளியே. மிஞ்சிய பதினொரு பேரும் வேட்டைக்காரன் இடைவாளில் இருக்கும் நெபுலா என்ற வாயு மேகத்தைப் பார்த்தார்கள், சாம்பல் நிறத்தில் இறக்கை விரித்த புகை, நடுவில் பொடி வைரமாக நாலு நட்சத்திரங்கள். எனக்கு முறை வந்தபோது ஜன்னல் மூடிவிட்டது.

மூன்றாம் நாள்: பிப்ரவரி 22, சனி. அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

காலையில் பாபநாசம் படித்துறையில் குளியல். தண்ணீர் எலும்பைத் தொட்டது. கோயிலில் அகத்தியருக்குச் சிவன் கல்யாணக் கோலம் காட்டிய கதையை அர்ச்சகர் யாரோ வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கயிலாயத்தில் கல்யாணம், எல்லோரும் வடக்கே போய்க் கூடிவிட்டார்கள், வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டது, சமன்செய்ய அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பினார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. காதில் வாங்கிக்கொண்டு இட்லிக்கடைக்குப் போய்விட்டேன். ராத்திரி இது திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

கூட்டம் ஒரு களத்துமேட்டில். பிசான அறுவடை பாதி முடிந்திருந்தது. வைக்கோல் வாசனை, எங்கேயோ தூரத்தில் அறுப்பு மெஷின் சத்தம். மேற்கே மலை கறுப்பாகச் சுவர் வைத்த மாதிரி. ஊர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பாயும் போர்வையுமாக வந்திருந்தார்கள், கூத்துக்கு வருகிற மாதிரி. தெருவிளக்கை அணைக்க இங்கே யாரிடமும் சாவி கேட்கவேண்டியிருக்கவில்லை. ஒரு அண்ணாச்சி போய் பீஸைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

சார்வாள் இன்றைக்குப் பேச்சே வைக்கவில்லை. ஒரு பையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பாகைமானிகளை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அதே அரைவட்டம். நேர்விளிம்பில் ஒரு ஜூஸ் ஸ்ட்ரா ஒட்டியிருந்தது. நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு இரும்பு நட்டு. ஸ்ட்ரா வழியாக நட்சத்திரத்தைப் பார்க்கவேண்டும், பக்கத்தில் இருப்பவர் நூல் எந்த எண்ணில் தொங்குகிறது என்று படிக்கவேண்டும். அச்சடித்த எண்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, தொண்ணூறிலிருந்து கழிக்கிற வேலை இல்லாமல், உயரம் நேராகத் தெரியும்படி கையால் எண் எழுதியிருந்தார்.

முதலில் வடக்கு. சப்தரிஷி அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. முன்னால் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களைக் கோடு இழுத்துக்கொண்டே போனால் பனைமர உச்சிக்குக் கொஞ்சம் மேலே, தூசுக்குள் ஒன்று மங்கலாக நின்றது. துருவ நட்சத்திரம்.

"இதா? இத்தினிக்காண்டா?" என்றார் ஒருவர். அவருக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பெரிய வெளிச்சம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் நாற்பதுக்குள்ளேகூட அது வராது. இடம் பெயராமல் நிற்பதுதான் அதற்குள்ள பெருமை. அளந்தார்கள். எட்டு, ஒன்பது, ஒன்பது, பத்து, எட்டு. திருநெல்வேலிப் பக்கம் எட்டே முக்கால் அட்சரேகை. துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரமோ அத்தனைதான் ஊரின் அட்சரேகை.

பிறகு தெற்கு. மணி எட்டரை. உச்சியை ஒட்டிச் சிரியஸ் எரிந்துகொண்டிருந்தது. அதுதான் அகத்தியர் நட்சத்திரம் என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். இல்லை, அதற்கு நேர் கீழே பாருங்கள் என்றார் சார்வாள். வானத்தில் சிரியசுக்கு அடுத்த பிரகாசம் அகத்தியர்தான், முந்நூறு ஒளியாண்டு தூரத்தில் இருந்துகொண்டு. இந்த நேரத்தில் நேர் தெற்கில், தன் உச்ச உயரத்தில் நிற்பார். ஸ்ட்ராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பது, இருபத்தொன்பது. பார்மசிப் பெண் அட்டையில் எழுதிச் சராசரி போட்டாள். இருபத்தெட்டரை.

"இப்ப டெல்லியில யாராவது இருக்காவளா, நம்ம ஊர்ப் பிள்ளைய?" என்றார் சார்வாள்.

ஒரு அம்மா கையைத் தூக்கினார். மகன் பட்டாளத்தில், டெல்லியில். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். "எய்யா, சாப்டியா?" முடிந்ததும் சார்வாள் வாங்கிக்கொண்டார். "தம்பி, மொட்டை மாடிக்குப் போ. வடக்கப் பாரு. கைய நீட்டி முஷ்டி பிடி. ஒரு முஷ்டி பத்துப் பாகை. அடிவானத்துலேர்ந்து ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கு. துருவ நட்சத்திரம் எத்தனாவது முஷ்டியில இருக்கு?" போனில் படியேறுகிற சத்தம், மூச்சு. "மூணு சார். மூணுக்குக் கொஞ்சம் குறைய."

"தெக்க?"

"தெக்க ஒரே பொகையால்லா இருக்கு. கட்டடம் வேற மறைக்கி."

"ஒரு முஷ்டிக்குள்ள கிடக்கும், பாரு."

"இல்ல சார். ஒண்ணுமில்ல."

சரி, விடு என்று வைத்தாயிற்று. பத்து நிமிஷம் போயிருக்கும். சார்வாள் வேறெதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் போன் அடித்தது. "சார், தண்ணி டாங்க் மேல ஏறிட்டேன். ஒண்ணு மினுக்குது சார், செவப்பா. முஷ்டியக் கூடத் தாண்டல." களத்தில் கைதட்டல். அந்த அம்மா மட்டும் "எறங்குல முதல்ல, இருட்டுக்குள்ள" என்றார்.

சார்வாள் அட்டையை எல்லோருக்கும் காட்டினார். இங்கே வடக்கே எட்டே முக்கால், தெற்கே இருபத்தெட்டரை. டெல்லியில் வடக்கே இருபத்தெட்டரை, தெற்கே எட்டே முக்கால். அப்படியே தலைகீழ். கூட்டினால் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், முப்பத்தேழேகால். அடிவானத்திலிருந்து அடிவானம் வரை நூற்றெண்பது பாகை. துருவத்துக்கும் அகத்தியருக்கும் இடைவெளி ஏறக்குறைய நூற்று நாற்பத்து மூன்று, அது எந்த ஊரிலும் மாறாது. மிச்சம் முப்பத்தேழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பங்கு போடவேண்டியதுதான். தெற்கே நடக்க நடக்க வடக்கே இறங்கும், தெற்கே ஏறும். டெல்லியும் திருநெல்வேலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் இரண்டு ஊரிலும் அகத்தியர் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருகிறார், அதுவும் வசதியாகப் போயிற்று.

பாயில் உட்கார்ந்திருந்த பாட்டி, அந்தப் பட்டாளத்துப் பையனின் ஆச்சியாம், யாரையும் பார்த்துச் சொல்லாமல் சொன்னார்: "வடக்க தாந்து தெக்க ஒசந்துட்டுன்னுதான அகத்தியர இங்க அனுப்புனாவ."

களம் ஒரு நிமிஷம் பேசவில்லை. எனக்குக் காலையில் இட்லிக்கடைக்குப் போன அவசரம் ஞாபகம் வந்தது. எங்கள் குழுவில் ஒருவர் உடனே ஆரம்பித்தார்: "பாத்தியளா, நம்ம முன்னோர்கள் அப்பவே…"

"அப்படிச் சொல்லாத" என்றார் சார்வாள். கோபமில்லை, ஆனால் கறாராக. "கதை கட்டுனவன் பாகைமானி வச்சுக் கட்டுனான்னு சொல்லுததுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல. வடக்கேர்ந்து தெக்க நடந்து வந்தவன் எவனா இருந்தாலும் இந்த நட்சத்திரம் ஏறிக்கிட்டே வாறதப் பாத்திருப்பான். ஆச்சி சொன்ன கதை நல்ல கதை. நம்ம அளந்த கணக்கு நல்ல கணக்கு. ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டக் கூடாது." பாட்டிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பாகைமானியை வாங்கி அகத்தியரைத் தானும் ஒருமுறை பார்த்தார். நூலைப் படித்தது பேத்தி. முப்பத்து மூன்று. கை நடுக்கம்.

பதினொரு மணிக்கு ஊர் படுக்கப் போனது, நாங்கள் ஆறு பேர் இருந்தோம். பிளாஸ்கில் கருப்பட்டிக் காபி. கண்வில்லையில் பனி படர்ந்துகொண்டே இருந்தது, துடைக்கத் துடைக்க. ஒரு மணி வாக்கில் அகத்தியர் தென்மேற்கு மலை முதுகில் இறங்கி மறைந்தார். எதிர்ப்பக்கம் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து மேலே ஏறியிருந்தது. வெறுங்கண்ணுக்குப் பஞ்சுப் புள்ளி. எட்டு அங்குலத்தில் பார்த்தபோது என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. கருப்புத் துணியில் கொட்டின ரவை. ஒரு கோடி நட்சத்திரம், பதினேழாயிரம் ஒளியாண்டு. வட நாட்டில் இதைக் காணக் கொடுத்துவைக்கவேண்டும், இங்கே மூன்று முஷ்டி உயரத்துக்கு வருகிறது.

இரண்டு மணிக்கு ஆல்ஃபா சென்டாரி. தொலைநோக்கியில் அது ஒன்றல்ல, ஒட்டினாற்போல் இரண்டு மஞ்சள் விளக்குகள். இது இரட்டை என்று முதலில் கண்டது ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1689 டிசம்பரில். கண்ட இடம் புதுச்சேரி. ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்க்கப் போனவர் கண்ணில் இது பட்டது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பத்தின் ரகசியம் நம் ஊரிலிருந்து வெளிவந்திருக்கிறது, நான் இதைப் பள்ளியில் படித்ததில்லை. தேய்பிறை எழுந்ததும் குழாயை மூடினோம்.

நாலாம் நாள்: பிப்ரவரி 23, ஞாயிறு. உவரி

பகல் முழுக்கத் தூக்கம். சாயங்காலம் உவரி. அந்தோணியார் கோயில் விளக்குகளிலிருந்து விலகி மேற்கே கடற்கரையில் தார்ப்பாய் விரித்தோம். உப்புக் காற்றுக்குப் பயந்து பெரிய தொலைநோக்கியை இறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர், அதனால் நல்ல கூட்டம். சார்வாள் தொண்டை கட்டிப்போய், பேச்சைப் பார்மசிப் பெண் எடுத்துக்கொண்டாள். நன்றாகவே பேசினாள், கொஞ்சம் வேகம்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குக் கையால் நட்சத்திரம் காட்டுவது. நான்கு நாள் அனுபவசாலி அல்லவா. தெற்கே கடலுக்கு மேல் நான்கு நட்சத்திரங்கள் அழகாகச் சிலுவை போட்டிருந்தன. "அதோ பாருங்க, தென்சிலுவை" என்றேன்.

"அது இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அறுபத்தைந்து வயதிருக்கும், கையைக் கட்டிக்கொண்டு இவ்வளவு நேரமும் ஓரமாக நின்றவர். "அது பொய்க் குருசு. பெரிசா, மங்கலா இருக்கு பாருங்க. நெசக் குருசு இன்னும் முழுசா கடல விட்டு வரல. வந்தா பின்னாலயே ரெண்டு வெள்ளி வரும், அதான் அடையாளம்."

சார்வாள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அவர் பேசவில்லை, கேட்டார். பெரியவரின் அப்பா பாய்மரத்தில் போனவர். கார்த்திகைக் கூட்டம் இவர்களுக்கு ஆறாமீன். இப்போது எல்லாம் ஜிபிஎஸ். "பாட்டரி தீந்தா?" என்று சார்வாள் கேட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே தலைக்கு மேலே காட்டினார்.

பத்தரைக்கு நெசக் குருசு வந்தது, அலைக்கு மேலே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தபடி. "இப்ப படுத்துக் கெடக்கு. நிமிந்து நின்னா நேர் தெக்கு" என்றார் பெரியவர். எத்தனை மணிக்கு நிமிரும் என்று பார்மசிப் பெண் போனில் பார்க்க ஆரம்பித்தாள். "நாங்க வள்ளம் எறக்கும்போது" என்றார் அவர்.

அதைப் பார்த்துவிட்டே போவது என்று உட்கார்ந்துவிட்டோம். கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. முறுக்கு தீர்ந்தது. நான் கொஞ்ச நேரம் மணலில் தூங்கினேன். இரண்டரை தாண்டி நண்பன் உலுக்கி எழுப்பினான். கரையில் டார்ச் வெளிச்சங்கள், வலை ஏற்றுகிற சத்தம். தெற்கே சிலுவை எழுந்து நின்றிருந்தது, அதன் இடப்பக்கம் கீழே அந்த இரண்டு வெள்ளிகள். சார்வாள் பாகைமானியின் நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சிலுவையின் நெடுமரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். காற்றில் நட்டு ஊசலாடியது, நூல் நிற்கவில்லை.

பெரியவர் வள்ளத்திலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்தார். நட்டை விரலால் தொட்டுத் தூக்கி எடை பார்த்தார். "இது காணாது" என்று சொல்லிவிட்டுப் போய், வலையில் கட்டுகிற ஈயக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து சார்வாள் கையில் கொடுத்தார்.